கீழே பார்த்த பாத்திகள்

அத்தை அந்தத் தண்ணீரை மூன்று தடவை கொதிக்க வைத்திருந்தார். ஒரு தடவை கொதித்து ஆறியதும் மறுபடி அடுப்பில், அது ஆறியதும் இன்னொரு தடவை. கடைசியில் பானையில் பாதிதான் மிஞ்சும். அந்தப் பாதியில்தான் பேத்திக்குப் பால்மா கரைப்பார்.

"ஒரு பூச்சி புழு உசுரோட இருக்காது, பாத்துக்க" என்றார் என்னிடம். குரலில் பெருமை இருந்தது.

பேத்தி பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அத்தை மகளுக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். தாய்ப்பால் போதாமல் டொக்டர் பால்மா எழுதிக் கொடுத்திருந்தார். குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு அவள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

நான் போனது குழந்தையைப் பார்க்க மட்டும் அல்ல. கண்டிக்கு வெளியே ஒரு பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. விவசாயிகள் கொண்டுவரும் மண்ணையும் தண்ணீரையும் சோதித்து, என்ன இருக்கிறது, என்ன இருக்கக்கூடாது என்று எழுதிக் கொடுப்போம். சனிக்கிழமைகளில் தெல்தெனியவில் பஸ் மாறி, ஹுன்னஸ்கிரிய மலை ஏறி வீட்டுக்கு வருவேன். அந்த வாரம் அத்தை போனில் சொல்லியிருந்தார்: "பீலிக் கல்லு முழுக்கப் பச்சையா பாசி. கால் வச்சா வழுக்குது. நீ படிச்ச புள்ளதான, வந்து பாரு."

பீலி என்பது மலையிலிருந்து வரும் ஓடையைக் குழாயில் திருப்பி விழவைத்திருக்கும் இடம். கீழ் லயத்தில் வரிசையாக எட்டு வீடுகள். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

அத்தையின் பானையில் சோதனைத் தாளை நனைத்தேன். ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். பொறுத்தேன். தாளின் நுனி இளஞ்சிவப்பாகி, பிறகு கடும் சிவப்பாகி, தாள் பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிறக் கட்டங்களில் கடைசிக்கு முந்தியதில் போய் நின்றது. பிறகு பீலியிலேயே நனைத்தேன். அது அதைவிட வெளிறி இருந்தது. ஆனால் அதுவும் குழந்தைக்கு ஆகாத நிறம்தான்.

"கொதிக்க வச்சா கிருமி சாகும் அத்தை" என்றேன். "இது கிருமி இல்ல. பசளைல இருந்து வர்ற ஒருவித உப்பு. உப்புத் தண்ணிய வத்த வச்சா என்னாகும்?"

அத்தை பானையைப் பார்த்தார்.

"கூடக் கரிக்கும்" என்றார் மெதுவாக.

"அதேதான்."

அதன் பெயர் நைத்திரேற்று. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் இரத்தத்தில் அது கூடினால் மூச்சுக்காற்று உடம்புக்குப் போய்ச் சேர்வது குறையும். உதடும் நகமும் நீலம் பாயும். இதை அத்தை மகளுக்குப் பயமுறுத்தாமல் சொல்ல முயன்றேன். அவள் முதலில் குழந்தையின் உதட்டைப் பார்த்தாள், பிறகு பத்து நகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நிறம் நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப இத்தன நாளா நாந்தான்..." என்று தொடங்கினாள்.

"இத்தன நாளா ஒண்ணும் ஆகல. இன்னையிலருந்து இந்தத் தண்ணி வேணாம். திங்கட்கிழமை கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போ. நிறம் மாறுனா திங்கட்கிழமை வரைக்கும் பாத்துட்டு இருக்காத."

அன்று கொப்பியில் நான் எழுதியவை மூன்று வரிகள். குழந்தைக்கு வேறு தண்ணீர். எங்கிருந்து வருகிறது என்று பார். ஐப்பசி மழைக்கு முன்னால் நிறுத்து. முதல் வரிக்கு விடை பக்கத்திலேயே இருந்தது: மரக்கறித் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் மேலே, காட்டு விளிம்பில் ஒரு ஊற்று. அன்று பின்னேரமே ஒரு கலன் நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டாவது வரிக்கு மூன்று போத்தல்கள் போதும்.

ஓடையில் எங்கள் பக்கம் இரண்டு தோட்டங்கள்தான். மேலே இருப்பது ஒரு முஸ்லிம் விவசாயி குத்தகைக்கு எடுத்திருக்கும் காணி. அவரை நான் நானா என்று கூப்பிடுவேன். அதற்குக் கீழே இருப்பது அப்பாவின் தோட்டம். தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அப்பா அரை ஏக்கரில் போஞ்சியும் கோவா என்கிற முட்டைக்கோசும் போடுகிறார். நானாவுக்கு மேலே ஒரு போத்தல், இரண்டுக்கும் நடுவில் ஒன்று, அப்பாவுக்குக் கீழே ஒன்று என்று தண்ணீர் பிடித்தேன்.

முதல் போத்தலில் தாள் நிறமே மாறவில்லை. இரண்டாவதில் இளஞ்சிவப்பு. அந்த இரண்டாவது போத்தலைக் கையில் வைத்திருந்தபோது நிறம் இன்னும் ஏறட்டும் என்று விரும்பினேன். முழுக்க ஏறிவிட்டால் மூன்றாவதைத் திறக்கவே வேண்டியதில்லை. அது ஏறவில்லை. மூன்றாவது போத்தல்தான் பீலித் தண்ணீரின் நிறத்தைக் காட்டியது.

அதன் பிறகு அப்பாவின் தோட்டத்தை ஓடைக்கு மறுகரையில் நின்று பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்த்த தோட்டம். பாத்திகள் எல்லாம் மேட்டிலிருந்து நேரே பள்ளத்துக்கு, சீப்பால் வாரியதுபோல இறங்கின. ஒவ்வொரு பாத்தி இடைவெளியும் ஒரு வாய்க்கால். ஒவ்வொரு வாய்க்காலின் வாயும் ஓடையில். கீழ் மூலையில், லொறி வந்து நிற்கக்கூடிய ஒரே இடத்தில், கோழிப் பசளைக் குவியல். அது அப்பாவுக்கும் நானாவுக்கும் பொதுவாக இறக்கியது. ஓடைக்கும் அதற்கும் நடுவில் நான்கு எட்டுத் தூரம்.

அப்பா பூச்சிமருந்து அடிக்கும் தொட்டியை ஓடையில் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அத இங்க கழுவாதீங்க."

"பின்ன எங்க கழுவுறது? தண்ணி இங்கதான ஓடுது."

தாளைக் காட்டினேன். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அப்பா தொட்டியைக் கரையில் வைத்துவிட்டுக் கையைச் சாரத்தில் துடைத்தார். தங்கையின் பேத்தி. அவர் தூக்கிப் பெயர் வைத்த பிள்ளை.

"மேல இருந்து வருதாக்கும்" என்றார்.

"கொஞ்சம் மேல இருந்து வருது. மிச்சம் நம்மளுது."

அப்பா தேயிலை மலையில் வேலை செய்த காலம் முழுக்கக் கான் வெட்டியவர். மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க மலைக்குக் குறுக்கே வெட்டும் வடிகாலைத்தான் நாங்கள் கான் என்போம். தோட்டத்திலேயே நேர்த்தியான கான் அவருடையது என்பார்கள். நான் அதைத்தான் கேட்டேன்.

"நீங்க வெட்டுன கான் எல்லாம் குறுக்கதான் போகும். நம்ம பாத்தி மட்டும் ஏம்ப்பா கீழ பாக்குது?"

அவர் சிரித்தார். ஆனால் சந்தோசமாகச் சிரிக்கவில்லை.

"அது தோட்டத்து மண்ணு. ஓடிப்போச்சுன்னா தொரை வந்து கேப்பாரு. இது நம்ம மண்ணு. யாரு வந்து கேக்கப்போறா?"

பிறகு அவரே தொடர்ந்தார். "குறுக்கப் போட்டா தண்ணி நிக்கும். போஞ்சி வேர் அழுகிரும். ஒரு வருசம் அப்பிடிப் போட்டு முழுக்கப் போச்சு. நீ அப்ப பள்ளிக்கூடம்."

அது நியாயமான காரணம். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

"என்னா எழுதுற?"

"நீங்க சொன்னத. தண்ணி நிக்கக்கூடாது. மண்ணும் ஓடக்கூடாது."

"ரெண்டும் எப்பிடி நடக்கும்?"

"நீங்க மலையில எப்பிடிச் செஞ்சீங்க?"

அப்பா தொட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஆனால் அடுத்த நாள் காலையில் நான் எழுந்தபோது மம்மட்டியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். அம்மா தேத்தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு என்னிடம், "கேக்க ஆள் வந்துருச்சு போல" என்றார். அப்பா காதில் விழாததுபோல் இருந்தார்.

நானாவிடமும் குறுக்கே கான் வெட்டச் சொல்லி நான்தான் பேச வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததுமே அவர் கொப்பியைக் கவனித்துவிட்டார்.

"என்ட பேரும் அதில ஈக்கா தங்கச்சி?"

"இருக்கு நானா. தண்ணியக் கெடுக்குறது எதுன்னு போட்ட வரிசைல மூணாவதா."

"மொத ரெண்டும் யாரு?"

"ரெண்டும் அப்பாதான்."

"அப்ப எனக்கு வெண்கலப் பதக்கம்" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் சொன்ன பேச்சு வேறு. "இது குத்தகைக் காணி. அடுத்த வருசம் நான் ஈப்பனோ, வேற ஒருத்தன் ஈப்பானோ தெரியா. நான் முதுகு ஒடியக் கான் வெட்டி, வாரவன் நல்லாப் பயிர் செய்யவா?"

அவரை அப்பாவின் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். மேல் விளிம்பில், கடந்த மழையில் வந்து படிந்த மண்ணைக் காட்டினேன். கறுத்து, பொலபொலவென்று, கோழி இறகுத் துண்டுகளோடு கிடந்தது. நானா குந்தி உட்கார்ந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"என்ட மண்ணு தான்" என்றார். "அண்ணே, இத்தன நாளா சும்மா வாங்கிட்டு ஒரு சொல்லும் செல்லல்லயே!"

"நீயா அனுப்புற, நான் எதுக்குத் தம்பி வேணாங்கணும்?" என்றார் அப்பா.

"அடுத்த வருசம் யாரு இருப்பாங்கன்னு தெரியாது நானா" என்றேன். "இந்த வருசத்து மண்ணு இங்க கெடக்கு. பாதி இங்க நின்னுச்சு. பாதி விக்டோரியா அணைக்கட்டுக்குப் போயிருச்சு."

அவர் கையிலிருந்த மண்ணை வீசவில்லை. நிமிர்ந்து தன் காணிப் பக்கம் போய்க் கொட்டிவிட்டு வந்தார். "எங்க தொடங்கோணும்?" என்று கேட்டார்.

வேலைகளை வரிசைப்படுத்தியது நான். எதில் மண் அதிகம் போகிறதோ அது முதலில் என்று வைத்தேன். கீழே பார்த்த பாத்திகளைக் குறுக்கே திருப்புவது. மேலே ஒன்று, நடுவில் ஒன்று என்று இரண்டு கான். ஓடையோரம் இரண்டு வரிசை கோவாவைக் கைவிட்டு, வேரால் மண்ணைப் பிடித்துவைக்கும் மானாப் புல் நடுவது. மருந்துத் தொட்டி கழுவ ஓடையிலிருந்து தள்ளி ஒரு குழி. ஐந்தாவதாகப் பசளைக் குவியலை நகர்த்துவது. அதற்கு லொறி வேண்டும். நானாவின் லொறி மூன்று வாரம் கழித்துத்தான் வரும். யூரியாவை ஒரே தடவையாகப் போடாமல் பிரித்துப் போடுவது ஆறாவது.

அடுத்த இரண்டு வார இறுதிகளும், நடுவில் வந்த பௌர்ணமிப் போயா விடுமுறையும் வேலையில் போயின. மூன்று மூங்கில் கம்புகளைக் கட்டி, நடுவில் நூலில் கல் தொங்கவிட்டு, மட்டம் பார்க்கும் சட்டம் ஒன்று செய்தேன். நான் மட்டம் பார்த்துக் குச்சி நட்டேன். அப்பா வெட்டினார். கான் முழு மட்டமாகவும் இல்லை, சாய்வாகவும் இல்லை. தண்ணீர் நடக்கும், ஓடாது. கானுக்குள் ஐந்தடிக்கு ஒரு சின்னக் குழி. மண் குழியில் தங்கும், மிச்சத் தண்ணீர் மெதுவாகத் தாண்டிப் போகும். வேர் அழுகாது. நானா தன் காணியிலும் ஒன்று வெட்டினார். ஒன்றுதான், ஆனால் நீளமானது.

"இந்தச் சட்டத்துல பலகை கட்டுனா ஊஞ்சல் ஆடலாம்" என்றார் அப்பா. பாதி நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை மட்டும் பீலியில் நின்று பார்த்தாரே தவிர மேலே வரவில்லை. தன் அண்ணனின் தோட்டம்தான் காரணம் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் அப்பாவோடு பேசவில்லை. தினமும் ஊற்றுக்கு ஏறித் தண்ணீர் கொண்டுவந்தார். ஏறும்போது அப்பாவின் தோட்டத்தைச் சுற்றிப் போகும் வழியாகவே போனார்.

மழை நான் நினைத்ததைவிட முந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நான் கண்டிக்குப் புறப்படப் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, மலைக்குப் பின்னாலிருந்து இடி. பிறகு ஒரு மணி நேரம் கொட்டியது. நான் தோட்டத்துக்கு ஓடினேன். மேல் கானைப் பார்த்தேன்: குழிகள் நிரம்பி, தண்ணீர் ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்துகொண்டிருந்தது. பாத்தி இடைவெளிகளில் ஓட்டமே இல்லை. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

அப்போது அப்பா கீழே கையைக் காட்டினார்.

கான் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. முன்பு இருபது வாய்க்கால்களில் பிரிந்து இறங்கிய தண்ணீரைச் சேர்த்து, ஓரத்துப் புல்வெளிக்குக் கொண்டுபோய் விட்டது. அந்தப் புல்வெளிக்கு நேர் கீழே பசளைக் குவியல். ஐந்தாவது வேலை. தண்ணீர் அதன் அடியை அறுத்துக்கொண்டு போக, குவியலில் பாதி சரிந்து ஓடைக்குள் போய்க்கொண்டிருந்தது.

மழை விட்டதும் பீலிக்குப் போனேன். குழாயிலிருந்து தேத்தண்ணீர்ச் சாயம்போல் கறுத்து விழுந்தது, இறகுகள் மிதந்தன. நாற்றம். அத்தை காலி வாளியோடு நின்றார். மற்ற வீட்டுப் பெண்களும் நின்றார்கள்.

"நீ திருத்த வந்து மிச்சம் இதுதானா?" என்றார் அத்தை. "முந்தி கண்ணுக்காவது நல்லாருந்துச்சு."

"எம் பிழைதான் அத்தை" என்றேன். "குவியலத்தான் மொதல்ல நகத்தியிருக்கணும். நான் மண்ண மட்டும் பாத்து வரிசை போட்டேன். தண்ணி எங்க போகும்னு பாத்துப் போடல."

அத்தை என்னைத் திட்டுவதற்கு வைத்திருந்த மிச்சத்தைச் சொல்லவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

"மிச்சப் பாதிய எப்ப நகத்துவ?"

"லொறி புதன்கிழமைதான். அதுக்குள்ள தறப்பாள் போட்டு மூடுறேன்."

"புதன் வரைக்கும் மழை காத்துக்கிட்டு இருக்குமா? லொறி எதுக்கு? ரோட்டுக்கு மறுபக்கம் பழைய மடுவம் சும்மாதான கெடக்கு. கூரை இருக்கு. செமெந்துத் தரை இருக்கு."

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அத்தை பாதி வாழ்க்கை அங்கே கூடையோடு வரிசையில் நின்றவர். நான் அதைத் தாண்டி வாரம் தவறாமல் நடந்துபோகிறேன். என் கொப்பியில் அது இல்லை. அப்பா தோட்டத்துக் கிளாக்கருக்குப் போன் போட்டார். மழைக்காலம் முடியும் வரை வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கினோம். அப்பாவும் நானாவும் அள்ளினார்கள். கீழ் லயத்துப் பெண்கள் பழைய கொழுந்துக் கூடைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் ஒன்றை மாட்டிக்கொண்டேன். கயிறு நெற்றியில் அறுத்தது.

"எத்தன கிலோ போட்டிருக்கீங்க நானா? ஒழுங்கா நிறுத்துப் போடுங்க" என்று ஒருவர் கேட்டார்.

"தண்ணிக் கழிவு வெட்டித்தான் போடுவன்" என்றார் நானா. கொழுந்து ஈரமாக இருந்தால் நிறையில் கழிப்பது எல்லோரும் பட்ட அனுபவம், பெண்கள் சிரித்தார்கள்.

அப்பா அத்தையின் கூடையை நிரப்பும்போது மட்டும் பாதியோடு நிறுத்தினார்.

"நெறையப் போடு அண்ணே" என்றார் அத்தை. மூன்று வாரத்தில் அவர் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அது. அப்பா நிறையப் போட்டார்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். கானின் வாயை ஓரத்திலிருந்து திருப்பி, மானாப் புல் நட்ட பட்டைக்கு விட்டோம். குவியல் இருந்த இடத்தைச் சுரண்டி, அந்த மண்ணையும் மேலே பாத்திகளுக்கே ஏற்றினோம். தீபாவளிக்கு முன்னால் முடித்துவிட்டோம். அதன் பிறகு ஐப்பசி மழை தன் முழு வேகத்தில் வந்தது.

மழையில் பீலி கலங்காமல் இருந்ததை முதலில் கவனித்தது துணி துவைக்கும் பெண்கள்தான். முன்பெல்லாம் மழைநாளில் வெள்ளைத் துணி துவைக்க முடியாது, இப்போது துவைக்கிறார்கள். கல்லில் பாசி குறைந்தது. போஞ்சி வேர் அழுகவில்லை. அப்பா வாரத்துக்கு ஒருமுறை கான் குழிகளில் தங்கிய மண்ணை அள்ளிப் பாத்தியில் போடுகிறார். ஒரு கூடை மண்ணை என்னிடம் காட்டி, "விக்டோரியாவுக்குப் போக இருந்தது" என்றார்.

ஆனால் தாளின் நிறம் அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. பல வருடங்களாக மண்ணுக்குள் இறங்கிய பசளை, ஊறி ஊறித்தான் வெளியே வரும். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஒரு நிமிடம் நீளமாக இருந்தது.

கார்த்திகை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தாளை நனைத்தேன். அத்தை பக்கத்தில் நின்றார். பேத்தி அவர் இடுப்பில். கழுத்து நின்றுவிட்ட குழந்தை தாளைப் பிடுங்கக் கை நீட்டியது. நகங்கள் நல்ல ரோஸ் நிறம். பீலித் தண்ணீர் கண்ணாடிபோல் விழுந்துகொண்டிருந்தது. தாள் மெல்லிய இளஞ்சிவப்பாகி நின்றது. குழந்தைக்கு ஆகக்கூடிய கட்டத்துக்கு ஒரு கட்டம் மேலே.

"என்னா சொல்லுது? இப்பக் குடுக்கலாமா?"

அத்தை மட்டும் அல்ல, வாளியோடு நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு வேலை செய்த பிறகு ஆம் என்று சொல்ல எல்லோரையும்விட எனக்குத்தான் ஆசை.

"இன்னும் இல்ல அத்தை. இன்னும் ஒரு கட்டம் இறங்கணும்."

அத்தை தண்ணீரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த முறை சண்டை போடவில்லை.

"சரி, இறங்கட்டும்" என்றார்.

அப்போது மேட்டிலிருந்து அப்பா இறங்கி வந்தார். ஒரு கையில் மம்மட்டி. மறு கையில் ஊற்றுத் தண்ணீர்க் கலன். இப்போதெல்லாம் அத்தை ஊற்றுக்கு ஏறுவதில்லை, தோட்ட வேலைக்குப் போகுமுன் தினமும் அவர்தான் அதைக் கொண்டுவந்து வைக்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கலனை அத்தை வீட்டு வாசலில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எத்தனையாவது கட்டம்?"

காட்டினேன். அப்பா தாளை வாங்கி, பெட்டியில் இருந்த கட்டங்களோடு தானே ஒத்துப் பார்த்தார். பிறகு அதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மேல் கான்ல ரெண்டு குழி நெறஞ்சு கெடக்கு" என்று சொல்லி மம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். நான் அடுத்த மம்மட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.